அம்மாவின் ரவிக்கையில் நான் தைத்த திருநீறு

வெள்ளிக்கிழமை விளக்கு பூஜையில் என்னோடு வரிசையில் உட்காரும் அக்கா தங்கைகளுக்கு எழுதிக்கொள்வது.

இதை எழுத வேண்டும் என்று முதன்முதலில் நினைத்தபோது என் மகளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. இப்போது அவளுடைய மகள் காலேஜுக்குப் போகிறாள். நடுவில் இரண்டு தடவை நோட்டு வாங்கினேன். முதல் நோட்டில் ஒன்றரைப் பக்கம் எழுதி, கிழித்து அடுப்பில் போட்டேன். இரண்டாவது நோட்டு பிள்ளையார் சுழியோடு நின்றுவிட்டது. எட்டாவது வரைதான் படித்தேன், எழுத வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சாக்கு. ரேஷன் கார்டுக்கு மனு எழுத வரும்போது இது மட்டும் எப்படி வராமல் போகும்? பயம்தான்.

உங்களில் பாதிப் பேருக்கு என் அம்மாவின் கதை தெரியும். பூஜை முடிந்து சுண்டல் கொடுக்கும் நேரத்தில், சாமி தங்கள் வீட்டில் நடத்திய அற்புதத்தை ஆளுக்கொன்றாகச் சொல்வோமே, அதில் நான் சொன்னதுதான். என் அம்மாவின் நெஞ்சுப் படத்தில் நிழல் விழுந்தது. அம்மா சாமியை வேண்டிக்கொண்டாள். ஆறு வாரம் கழித்து எடுத்த படத்தில் நிழல் இல்லை. டாக்டரே அதிசயப்பட்டுப் போனார். இதை நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். கொடுங்கையூரில் சம்பந்தி வீட்டில் போய்ச் சொன்னதாகக்கூட ஒருவர் என்னிடம் சொன்னார்.

டாக்டர் அதிசயப்படவில்லை. அந்த நிழலை வரவழைத்தவள் நான். அது தெரிந்த பிறகும் வாயைத் திறக்காமல் இருந்தவளும் நான்தான். அதனால் போனது என் தம்பி. செத்துப் போகவில்லை, சாமி புண்ணியத்தில் இருக்கிறான். ஆனால் எங்கள் வீட்டை விட்டுப் போனான். எப்படி என்று சொல்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. திருவொற்றியூரில் ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவில், ஒரே சுவரில் ஏழு வீடு கட்டிய வரிசையில் நாங்கள் ஐந்தாவது வீடு. அப்பாவுக்கு எண்ணூர் ரோட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. வடக்கே இருந்து காற்று அடித்தால் கண்ணைக் கரிக்கும் ஒரு நெடி வரும். அது வந்ததும் அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டு, முந்தானையை நனைத்துத் தூளியின் மேல் போடுவாள். தூளியில் என் தம்பி இருந்தான். ஏழு மாதக் குழந்தை. தூளியை ஆட்டுவது என் வேலை. உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே காலால் ஆட்டுவேன். அவன் தூங்கிவிட்டான் என்று காலை எடுத்தால் உடனே சிணுங்குவான். அவனால் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் லேட்டாகப் போய் வெளியே முட்டி போட்டேன். இதையும் சொல்லிவிட வேண்டும்: அந்த நாட்களில் எனக்கு அவன்மேல் கொஞ்சம் கோபம் இருந்தது.

ஐப்பசி மழையில் நனைந்து அம்மாவுக்கு இருமல் பிடித்தது. ஜுரம் விட்ட பிறகும் இருமல் விடவில்லை. ஒரு மாதம் தாண்டியதும் அப்பா, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிடலாம் என்றார். அங்கே நெஞ்சை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி, நாள் குறித்துக் கொடுத்தார்கள்.

அம்மாவுக்கு ஒரு பழக்கம். பயப்படுகிற காரியத்துக்கு வெளியே போனால், தெருமுனை அம்மன் கோயில் பூசாரி மந்திரித்துக் கொடுத்த திருநீற்றை முந்தானை நுனியில் முடிந்துகொள்வாள். ரேஷன் ஆபீசுக்கானாலும் சரி, பிரசவத்துக்கானாலும் சரி. தம்பி பிறந்தபோது ஆஸ்பத்திரிக்காரர்கள் சேலையை வாங்கிக்கொண்டபோதும், அந்த முடிச்சை மட்டும் அவிழ்த்துக் கைக்குள் இறுக்கி வைத்திருந்தாளாம்.

எக்ஸ்ரேக்கு முந்தின நாள் குழாயடியில் பக்கத்து வீட்டு அக்கா அம்மாவிடம் சொன்னார்:

"இன்னாம்மே, படம் புடிக்கப் போறியாமே? ஊட்டுல நல்ல ரவிக்கயா பாத்துப் போட்டுக்கினு போ. அங்க சேலைய உருவிட்டுதான் நிக்க வெப்பாங்க."

"சேலையயா? ஆம்பளைங்க இருப்பாங்களேக்கா!"

"உம் மூஞ்சிய எவன் பாக்கறான்? உள்ள எலும்பதான் பாப்பான். போம்மே!"

எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவும் சிரித்து இருமினாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற எனக்கு மட்டும் திக்கென்றது. சேலையை எடுத்துவிட்டால் முந்தானை போச்சு. முந்தானை போனால் திருநீறும் போச்சு. அப்படியானால் அம்மாவின் நெஞ்சுக்குள் பார்க்கிற அந்த நேரத்தில் சாமி கூட இருக்க மாட்டார். கைக்குள் இறுக்கிக்கொள்ளலாம் என்றால், கையை விரித்து இடுப்பில் வைக்கச் சொல்வார்களாம். அதையும் அந்த அக்காதான் சொன்னார்.

அம்மாவிடம் இருந்த நல்ல ரவிக்கை பச்சை நிறம். அதிலும் இடது பக்கம், தோளுக்குக் கீழே முன்புறம் கிழிந்து, உள்ளே துணி கொடுத்து ஒட்டுப் போட்டிருந்தாள். அன்று மத்தியானம் அம்மா தம்பியை அணைத்தபடி கண் அசந்திருந்தாள். நான் கோயிலுக்கு ஓடிப் பூசாரியிடம் இரண்டு விரல் கொள்ளும் திருநீறு வாங்கி வந்தேன். பழைய வேட்டித் துணியில் அதை இறுக்கிக் கட்டி, புளியங்கொட்டை அளவுக்குத் தட்டையாக்கினேன். ஒட்டுத் துணியின் ஒரு ஓரத்தைப் பிரித்து, அதை உள்ளே நுழைத்து, மறுபடியும் தைத்தேன். பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் அப்போதுதான் ஓட்டுத் தையல் கற்றுக்கொடுத்திருந்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு பக்தியோடு நான் எதையும் செய்ததில்லை. ஒவ்வொரு தையலுக்கும் ஒரு முறை முருகா என்றேன்.

மறுநாள் அப்பாவுக்கு ஷிப்ட். தம்பியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அம்மாவோடு நான்தான் போனேன். ரவிக்கையைப் போடும்போது அம்மா தோளைத் தடவிப் பார்த்தாள். ஒட்டு தடித்திருக்கிறது என்று நினைத்திருப்பாள்.

எக்ஸ்ரே அறை வாசலில் ஓர் ஆயா பெண்களை வரிசையாக நிற்க வைத்துக் கத்திக்கொண்டிருந்தார். "சேலைய அவுத்துடு. ஊக்கு, சங்கிலி, கயிறு, தாயத்து எல்லாத்தையும் கழட்டு. அப்பால படம் செரியா வர்லன்னு எங்கிட்ட வந்து அழக் கூடாது."

"தாலி ஆயா?" என்றாள் அம்மா.

"உம் புருசன் கட்டினத நான் ஏன் அவுக்கச் சொல்றேன்? மேல தூக்கிப் பல்லால கடிச்சிக்கோ."

அம்மா தாலியைத் தூக்கிப் பல்லில் கடித்துக்கொண்டு, பாவாடை ரவிக்கையோடு கூனிக் குறுகி உள்ளே போனாள். நான் அவள் சேலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே நின்றேன். ஆயா 'தாயத்து' என்று சொன்னது என் காதில் விழத்தான் செய்தது. நான் தைத்தது தாயத்து இல்லையே, திருநீறுதானே என்று நினைத்துக்கொண்டேன். "மூச்ச இழுத்துப் புடி" என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. நானும் இழுத்துப் பிடித்தேன். அம்மா வெளியே வந்தபோது, ஆயாவை ஏமாற்றிவிட்ட சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. சாமியை உள்ளே அனுப்பிவிட்டேன் அல்லவா?

இரண்டு நாள் கழித்து அப்பாவும் எங்களோடு வந்தார். படத்தைப் பார்த்த டாக்டர் வெகு நேரம் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்திருந்தார். பிறகு அப்பாவிடம் சொன்னார்: "இடது பக்கம் நிழல் மாதிரி ஒண்ணு தெரியுது. அதுவாவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மூணு நாள் காலையில சளி கொண்டு வந்து குடுங்க. ஆறு வாரம் கழிச்சு இன்னொரு படம் எடுத்துப் பார்த்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் குழந்தை முகத்துக்கு நேரா இருமாதீங்க."

'அது' என்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டில் அதற்கு முந்தின வருஷம்தான் ஒருவர் ரத்தமாக இருமிப் போய்ச் சேர்ந்திருந்தார்.

இன்று யோசித்தால் ஒன்று விளங்குகிறது. குழந்தையைப் பிரிக்கச் சொல்லி டாக்டர் சொல்லவே இல்லை. முகத்துக்கு நேராக இருமாதே என்றுதான் சொன்னார். ஆனால் வீடு வந்து சேர்வதற்குள் அந்தப் பேச்சு வேறாகிவிட்டது. அம்மாவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா கெட்டவர் இல்லை. தம்பியின் மேல் இருந்த பாசத்தில்தான் அப்பாவிடம் சொன்னார்: "அண்ணாத்த, அது பால்ல எறங்குமாம். பச்சப் புள்ளையப் பாத்துக்கோ."

மாதவரத்தில் அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மா இருந்தார். பெரியப்பாவுக்குப் பால் பண்ணையில் வேலை. கல்யாணமாகிப் பதினான்கு வருஷம், குழந்தை இல்லை. தகவல் போன அன்றைக்கே பெரியம்மா வந்துவிட்டார். உள்ளே வரவில்லை, நிலைப்படியில் நின்று கையை நீட்டினார்.

"குடுறீ புள்ளைய. எங்க வூட்ல பாலுக்கா பஞ்சம்? ஆறு வாரம்தான? கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிப் பூடும்."

அம்மா தம்பியைக் கொடுக்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை, அவன் முகத்தில் மூச்சு படக் கூடாது என்று திருப்பிக்கொண்டாள். அப்படியே மூச்சை அடக்கி நின்று, பெரியம்மா தெருமுனை தாண்டிய பிறகு இருமினாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மல்லிகைப்பூ வாசனை. சூடிக்கொள்ள வாங்கியது இல்லை. பால் கட்டி அம்மாவுக்கு நெஞ்சு கல்லாகிவிட்டது. பால் வற்ற வேண்டும் என்று மல்லிகையைச் சரம் சரமாக வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார்கள். காலையில் அவிழ்க்கும்போது பூ பழுப்பாகி, பாலில் நனைந்து, ஒரு மாதிரிப் புளித்த வாசனை அடிக்கும். மீறி வருகிற பாலைக் கிண்ணத்தில் பீய்ச்சி, எறும்பு மொய்க்காத இடமாகப் பார்த்து, முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டு வர வேண்டும். அந்தக் கிண்ணத்தை எடுத்துப் போகிறவள் நான். வெதுவெதுவென்று இருக்கும். பூஜைக்கு நீங்கள் எல்லோரும் தலை நிறைய மல்லிகை வைத்து வரும்போது நான் மட்டும் கனகாம்பரம் வைக்கிறேனே என்று கேலி செய்வீர்கள். காரணம் இதுதான்.

பச்சை ரவிக்கையை அம்மா துவைத்து, கல்லில் அடித்து, கொடியில் போட்டிருந்தாள். ஒட்டைத் தொட்டுப் பார்த்தேன். நனைந்த துணிதான் இருந்தது, திருநீறு கரைந்து போயிருந்தது. சாமி வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டார் என்று நினைத்துக் கொஞ்சம் நிம்மதியும் அடைந்தேன்.

தம்பி போன பதினோராம் நாள், சளிப் பரிசோதனை முடிவு வாங்க அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சளியில் கிருமி இல்லை என்று எழுதியிருந்தார்கள். அம்மா சாமி பெயரைச் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆனால் டாக்டர், "சளியில இல்லன்னா சந்தோஷம்தான். படத்துல இருக்கே. அடுத்த படத்தையும் பார்த்துடலாம்" என்றார். அம்மா மருந்து வாங்கும் வரிசையில் நின்றாள். நான் எக்ஸ்ரே அறைப் பக்கம் போனேன். அதே ஆயா, ஒரு பெண்ணின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மே இது? பாரு, நல்லா கண்ணத் தொறந்து பாரு. நெஞ்சுக்கு நடுவுல ஊக்கு! நான் கத்தினேனா இல்லியா? ஊக்குன்னா ஊக்குன்னு தெரியுது. துணி முடிச்சு, நெஞ்சுல பூசின மருந்துப் பத்து, அது மாறி எதுனா இருந்தா வெள்ளையாத் திட்டா வுழும். டாக்டரு உனக்கு நோவுன்னு எழுதிடுவாரு. போ, இன்னொரு தபா நில்லு."

நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். கறுப்பில் வெள்ளையாக ஒரு ஊக்கு. பத்து வயதுப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்கு அந்த நிமிஷமே எல்லாம் தெரிந்துவிட்டது.

அந்த ஆயாவிடம் அங்கேயே சொல்லியிருக்கலாம். இரண்டு அடி தூரத்தில்தான் நின்றேன். பஸ்ஸில் அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டுதான் வந்தாள். சொன்னால் அப்பா அடிப்பார் என்ற பயம் இருந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று: திருநீறுதான் அம்மாவின் நோய் என்று ஆகிவிட்டால், சாமிமேல் பழி போட்டதாகும், சாமி குத்தம் வந்துவிடும். அப்படித்தான் நினைத்தேன். ஒருவேளை நிழல் உண்மையாகவே இருந்து, நான் சொன்னதைக் கேட்டு இரண்டாவது படம் எடுக்காமல் விட்டுவிட்டால் என்று கூட யோசித்ததாக ஞாபகம். ஆனால் இது நான் பெரியவளான பிறகு கண்டுபிடித்த சமாதானமோ என்னமோ, இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்றும் இருந்தது. தம்பி போன பிறகு நான் ஒரு நாளும் பள்ளிக்கூடத்துக்கு லேட்டாகவில்லை. தூளித் துணி மடித்துப் பரணில் இருந்தது. சாயங்காலம் கடற்கரையில் அலை தடுக்கப் போட்டிருந்த கல்மேல் ஏறி விளையாடினேன். ஆறு வாரம்தானே, அவன் வந்துவிடுவான் என்று இருந்துவிட்டேன். அக்கா தங்கைகளே, என் குற்றத்தில் மிச்சத்தையெல்லாம் சிறு பிள்ளை என்று சாமி தள்ளிவிடலாம். இதைத் தள்ள மாட்டார்.

ஒரே ஒரு தடவை சொல்ல வாயெடுத்தேன். அம்மா மல்லிகைச் சரத்தை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, அந்தப் பச்ச ரவிக்கையில..." என்றேன்.

"கிழிஞ்சி பூடிச்சா? பரவால்ல வுடு. புள்ள வந்ததுக்கு அப்பால புதுசு எடுத்துக்கலாம்."

நான் சரி என்றேன்.

ஆறு வாரம் கழித்து எடுத்த படத்தை டாக்டர் பார்த்தார். முதல் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இப்ப ஒண்ணும் இல்லம்மா" என்றார். அம்மா அங்கேயே தரையில் விழுந்து கும்பிட்டாள். அப்பா சட்டை நுனியால் கண்ணைத் துடைத்தார். டாக்டர் காகிதத்தில் எழுதிக்கொண்டே தமக்குத் தாமே சொல்வதுபோலச் சொன்னார்: "மொதப் படத்துல துணியோ என்னமோ விழுந்திருக்கும்." அவர்கள் இருவரும் அழுதுகொண்டிருந்ததால் அது அவர்கள் காதில் விழவில்லை. என் காதில் விழுந்தது.

வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டரு கடசியா இன்னா சொன்னாரு? எனக்கு ஒண்ணும் கேக்கல."

"சாமிதான் காப்பாத்திச்சாம்மா. டாக்டரே அதிசயமாச் சொன்னாரு" என்றேன்.

அந்த அற்புதம் அங்கேதான், ஆஸ்பத்திரி வாசலில், என் வாயில் பிறந்தது.

நோய் போனால் மகளுக்கு மொட்டை போடுவதாக அம்மா வேண்டியிருந்தாளாம். முதலில் வேண்டுதல், பிறகுதான் பிள்ளையை அழைக்கப் போக வேண்டும் என்றாள். முருகன் சன்னிதியில் என் இரட்டைப் பின்னல் போனது. சந்தனம் தடவிய தலையோடு என்னை நிறுத்தி, "எம் பொண்ணு தலைமுடிய குடுத்து எம் உசுர வாங்கிக் குடுத்தா" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். நான் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் மாதவரம் போனோம். பெரியம்மா வீட்டில் தம்பி உருண்டு திரண்டு, இடுப்பில் புதுக் கயிறும் நெற்றியில் பெரிய பொட்டுமாகப் பெரியம்மாவின் தோளில் இருந்தான். அம்மா கையை நீட்டினாள். அவன் பார்த்தான். வாயைப் பிதுக்கினான். பெரியம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீரிட்டான். அம்மா அவனை வாங்கி மூலையில் உட்கார்ந்து மாராப்பை விலக்கினாள். அவன் ஒரு தடவை வாய் வைத்தான். பால் இல்லை. தலையைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் அழுதான்.

பெரியம்மா கதவோரம் நின்று பால் புகட்டும் பாலாடையைக் கையில் வைத்திருந்தார். "ரெண்டு நாளு இங்கயே இருறீ. பயக்கம் ஆவட்டும். அப்பால இட்டுக்கினு போ" என்றார்.

இரண்டு நாள் இருந்தோம். அவன் அழுது அழுது காய்ச்சலே வந்துவிட்டது. காய்ச்சல் விடட்டும் என்று அவனை விட்டுவிட்டு வந்தோம். பிறகு பல் முளைக்கிற நேரம், இப்போது வேண்டாம் என்றார்கள். பிறகு மழைக்காலம் வந்தது. ஒருநாள் பெரியம்மா அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுததை நான் பார்த்தேன். "ஒனக்கு இன்னொண்ணு பொறக்கும்றீ. எனக்கு இதான்." அம்மாவுக்கு இன்னொன்று பிறக்கவில்லை.

யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, யாரும் சண்டை போடவில்லை. அவன் மாதவரத்திலேயே வளர்ந்தான். பெரியம்மாவை அம்மா என்றான். பெற்றவள் என்று தெரிந்த பிறகும் அவளைச் சித்தி என்றான். பொங்கலுக்கு வந்து, "சித்தி, கரும்பு குடு" என்று கேட்பான். அம்மா வெட்டிக் கொடுத்துவிட்டு, அவன் தின்று முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். "அன்னைக்கு சாமி என்னை எடுத்துக்கினு போயிருந்தா இதுகூடக் கெடச்சிருக்காதே" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னாள். அப்போது எனக்கு இருபது வயது. அப்போதும் நான் சொல்லவில்லை. அவள் சாகிற வரைக்கும் சொல்லவில்லை. கொள்ளி வைத்தது தம்பிதான். வைத்துவிட்டு வந்து, "சித்தி மூஞ்சி சிரிச்சாப்ல இருந்துச்சிக்கா" என்றான்.

சாமியிடம் தினமும் சொல்லியிருக்கிறேன். சாமியிடம் சொல்வது சுலபம். அவர் திருப்பிக் கேட்பதில்லை.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், தம்பிக்கு இந்த வருஷம் இருமல் வந்தது. பல வருஷம் லாரி ஓட்டினவன். இப்போது பெரியம்மாவும் இல்லை, பெரியப்பாவும் இல்லை, அந்த மாதவரம் வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கிறான். ஒரு வெள்ளிக்கிழமை நான் பூஜைக்குக் குத்துவிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, கையில் ஒரு பெரிய கவரோடு வந்தான்.

"அக்கா, சித்தி முந்தானைல முடிஞ்சிக்கினு போவாங்களே, அந்தக் கோயில் திருநீறு கொஞ்சம் குடு."

"எதுக்குடா?"

"நெஞ்சுல இன்னாவோ திட்டு கீதாம். ஊசி வுட்டு சதைய எடுத்து டெஸ்டு பண்ணணும்ன்றாரு டாக்டரு. நான் ஒத்துக்கல. சித்திக்கு ஆறு வாரத்துல அழிஞ்சிச்சி இல்ல? நானும் ஆறு வாரம் பாக்கறேன்."

"படம் எடுத்து எத்தினி நாள் ஆவுது?"

"நாலு வாரம் ஆவுது. இன்னாக்கா அப்டிப் பாக்கறே? நீதான சொன்னே, டாக்டரே அதிசயமாப் பாத்தாருன்னு."

என் கதை அவனை நான்கு வாரம் பிடித்து வைத்திருக்கிறது. விளக்கைக் கீழே வைத்துவிட்டு, அவனை உட்கார வைத்து, இங்கே எழுதியதையெல்லாம் சொன்னேன். முதலில் சிரித்தான்: "இன்னாக்கா, காமெடி பண்றியா?" பிறகு சிரிப்பு நின்றது.

"அப்ப சித்திக்கு நோவே இல்லியா?"

"இருமல்தான். தானா போயிடுச்சி."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நீ போன பதினோராம் நாள்."

கவரைத் தரையில் வைத்தான். "பதினோராம் நாளே என்னிய இட்டுக்கினு வந்திருந்தா, நான் சித்திகிட்ட பால் குடிச்சிருப்பனா?"

பொய் சொல்லலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. "குடிச்சிருப்படா" என்றேன்.

"சித்திகிட்ட இத்த சொன்னியா?"

"இல்ல."

எழுந்தான். நான் கொடுத்த காபி ஆறிக் கிடந்தது. கவரை எடுத்துக்கொண்டு படி இறங்கினான். திருநீறு கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. அன்று நான் பூஜைக்கு வராததற்கு உடம்பு சரியில்லை என்று உங்களிடம் சொன்னேன். அதுவும் பொய்.

நான்காம் நாள் போன் செய்தான். "நாளிக்குக் காலைல எட்டு மணிக்கு டெஸ்டு. வந்துடு." அவ்வளவுதான் பேசினான்.

ஊசி போடுவதற்கு முன் சின்ன வயது டாக்டர் ஒருவர் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டார். பீடி உண்டா, சர்க்கரை உண்டா என்று கேட்டதற்கெல்லாம் தம்பி பதில் சொன்னான். "உங்கம்மாவுக்கு நெஞ்சு சம்பந்தமா எதாவது இருந்துச்சா?" என்று டாக்டர் கேட்டார். தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். டாக்டரும் என்னைப் பார்த்தார்.

"இல்ல சார்" என்றேன். "அவங்களுக்கு ஒண்ணுமே இல்ல. படம்தான் தப்பா விழுந்துச்சு. அது என்னாலதான்."

அவர் முழுதாகக் கேட்டாரோ இல்லையோ, 'இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

முடிவு இன்னும் வரவில்லை. பத்து நாள் ஆகும் என்றார்கள். இன்று ஆறாம் நாள். தம்பி என்னோடு அதிகம் பேசுவதில்லை. ஆனால் முடிவு வாங்கப் போகும்போது கூட வா என்று சொல்லியிருக்கிறான். நான் விளக்கேற்றுகிறேன், திருநீறு பூசுகிறேன். திருநீறு பொய் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. பொய் சொன்னது நான்.

அக்கா தங்கைகளே, என் பழைய கதையை யார் யாரிடம் சொன்னீர்களோ, அவர்களிடம் இதையும் கொண்டு சேருங்கள். அவர்களில் யாராவது ஒருத்தி, படத்தைக் கவரிலேயே வைத்துக்கொண்டு நாள் எண்ணிக்கொண்டிருக்கலாம். சொல்லும்போது, பாவம் பத்து வயதுக் குழந்தைதானே என்று ஒரு வார்த்தை சேர்க்கத் தோன்றும். சேர்க்க வேண்டாம். நான் எழுதியபடியே சொல்லுங்கள்.